அப்பளம் நொறுங்காத நடை

சவரிமேரியின் இடது கால் ஷூ வாய் பிளந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, அமிர்தவாரி கெமிக்கல்ஸ் தொழிற்சாலையின் மூன்றாவது பிளாண்டுக்குள், டிரம் கழுவும் மேடையிலிருந்து நாலு எட்டு தள்ளி. நேரமும் இடமும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. அவ்வளவு நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை என்று பிற்பாடு பல பேர் அவளுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

செம்மங்குப்பம் பக்கத்திலிருந்த அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. பெயர்தான் அப்படி. காலி டிரம்களைக் கழுவ வேண்டும், தரையில் சிந்தியதைத் தள்ள வேண்டும். என்ன சிந்துகிறது என்று யாரும் சொன்னதில்லை. "மஞ்சளா இருந்தா மிதிக்காதக்கா, வெள்ளையா இருந்தா தாண்டிப் போ, கலரே இல்லன்னா ஓடு" என்று கூட வேலை பார்க்கும் இளவரசி சொல்லி வைத்திருந்தாள். அன்றைக்குக் கிடந்தது கலரே இல்லாதது. சவரிமேரி ஓடத்தான் ஓடினாள். மூன்றாவது எட்டில் ஷூவின் முன்பக்கம் அடியை விட்டுப் பிரிந்து, கெளுத்தி மீன் மாதிரி வாயைத் திறந்து, அந்தத் தண்ணியை ஒரு மடக்குக் குடித்தது. சாக்ஸைக் கழற்றினபோது சுண்டுவிரலும் அடுத்த விரலும் வெந்த உருளைக்கிழங்காகத் தோல் உரிந்திருந்தன.

குழாயடியில் காலை நெடுநேரம் காட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே சேஃப்டி ஆபீசுக்குப் போனாள்.

சேஃப்டி ஆபீசர் செந்தமிழ்செல்வன் நல்ல மனிதர். காலைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"எங்க வச்சு பொளந்துது?"

"உள்ளதாங் சார். டிரம் மேடகிட்ட."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

அவள் யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் அது டிரம் மேடைகிட்டவே இருந்தது.

அவர் ஜன்னல் திரையை விலக்கி, வாசலில் நிற்கும் பெரிய பலகையைக் காட்டினார். 'விபத்தில்லா நாட்கள்: 1811' என்று அதில் எழுதியிருந்தது.

"அந்த நம்பர மாத்த தெனமும் காலைல நானே ஏணி போட்டு ஏறுறேன்மா. அஞ்சு வருஷமா ஏறுறேன். உங்க ரெண்டு வெரலுக்காக அத பூஜ்யம் ஆக்கணும்னா ஆக்கிடுறேன், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஆயிரத்தி எண்ணூத்தி பதினோரு நாளா விபத்தே நடக்காம இருந்த மத்த தொழிலாளிங்க மனசு என்ன பாடுபடும்? போன வருஷம் கை போச்சே ஒருத்தருக்கு, அவரே இந்த நம்பருக்காக அது ஊட்ல நடந்துதுன்னு எழுதிக் குடுத்தாரு. அந்தத் தியாகத்துக்கு ஒரு மரியாத வேணாமா?"

சவரிமேரிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கையே போனவர் சும்மா இருக்கும்போது இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு வந்தது தப்புத்தானோ என்று பட்டது. அவர் நீட்டிய தாளில் 'காலையில் கடலூர் முதுநகரிலிருந்து வரும் பேருந்தில் இறங்கும்போது காலணி பிரிந்தது' என்று ஏற்கெனவே தட்டச்சு ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்டாள். அவரே மேசை இழுப்பறையிலிருந்து களிம்பு எடுத்துக் கொடுத்தார்.

"அப்ப வேற ஷூ சார்?"

"பஸ்ல பொளந்த ஷூவுக்கு கம்பெனி எப்பிடிம்மா பொறுப்பாவும்?" என்று கேட்டார் செந்தமிழ்செல்வன். நிஜமாகவே அவருக்கு அது புரியாததுபோல இருந்தது.

மறுநாள் காலை வாசலில் காவலர் கலியமூர்த்தி அவளை நிறுத்தினார். குறிஞ்சிப்பாடிக்காரர், தினமும் 'சாப்ட்டியாம்மா' என்று கேட்கிறவர். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்திருந்தார். அன்று முதல் புது உத்தரவாம், ஷூவின் இடுக்கில் ஸ்கேல் நுழைந்தால் ஆள் நுழையக் கூடாது. சவரிமேரியின் ஷூவில் ஸ்கேல் ஆறு சென்டிமீட்டர் போனது.

"சரிண்ணே, ஸ்டோர்ஸ்ல மாத்திக்கினு வந்துடறேன்."

"ஸ்டோர்ஸ் உள்ள இருக்குது."

"அதாண்ணே, உள்ள போயி..."

"நல்ல ஷூ இருந்தாதான் உள்ள போவ முடியும்."

"நல்ல ஷூ உள்ளதான இருக்குது?"

கலியமூர்த்தி ஸ்கேலை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நான் உட்டா என் வேல போயிடும்மா. எனக்கும் புரியுது, ஆனா புரிஞ்ச மாரி நடந்துக்க எனக்கு உத்தரவு இல்ல. ஊருக்குப் போயி எவன்கிட்டயாவது தச்சுக்கினு வா."

அந்த வேலை போனால் சம்பளத்தோடு போகாது. அவள் புருஷன் இருதயசாமிக்குச் சிறுநீரகம் இரண்டும் படுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். எல்லாம் சவரிமேரியின் இ.எஸ்.ஐ. காப்பீட்டு அட்டையின் பேரில்தான். அவள் டிரம் கழுவினால் அவன் ரத்தம் கழுவப்படும், வீட்டுக் கணக்கு அவ்வளவுதான். அதனால் அன்றைய நாள் போனாலும் போகட்டுமென்று அடுத்த பஸ்ஸிலேயே முதுநகருக்குத் திரும்பி, ரயில்வே ஸ்டேஷன் எதிரில் செருப்புத் தைக்கிறவரிடம் ஷூவைக் கொடுத்தாள்.

அவர் அதை வளைத்தார், முகர்ந்தார், உள்ளங்கையில் தட்டினார். "இத பசைல ஒட்டி உட்ருக்கான். ஒரு தையலு கூட இல்ல. இன்னொரு காலும் அடுத்த மாசம் வாயத் தொறக்கும், அதயும் குடு" என்றார். மீன் வலைக்குப் போடும் நைலான் நூலை மெழுகில் இழுத்து, இரண்டு ஷூவையும் சுற்றி நெருக்கித் தைத்தார். முடிக்க அரை மணிகூட ஆகவில்லை. "இனிமே கால் பிஞ்சாலும் பிய்யும், இது பிய்யாது."

வியாழக்கிழமை ஸ்கேல் நுழையவில்லை. கலியமூர்த்தியே சிரித்துவிட்டார். சவரிமேரி உள்ளே போய்ப் பதினோரு டிரம் கழுவினாள். இளவரசி ஷூவைப் பார்த்துவிட்டு அந்தத் தையல்காரர் எங்கே உட்காருவார் என்று கேட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மேலும் ஏழு பேர் கேட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, எல்லோர் ஷூவும் வாய் பிளந்துதான் கிடந்தது. ஸ்கேல் நுழையாதபடி சிலர் டேப் சுற்றியிருந்தார்கள், ஒருத்தி உள்ளே சோற்றுப் பசையைத் தடவியிருந்தாள். யாரும் ஆபீசுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை செந்தமிழ்செல்வன் பிளாண்டைச் சுற்றி வந்தபோது நூலைப் பார்த்தார்.

"யார கேட்டு தச்சீங்க?"

"வாட்ச்மேன் அண்ணந்தாங் சார்..."

"எத்தன ஓட்ட போட்ருக்காங்க தெரியுதா? இது தரச்சான்று வாங்கின பாதுகாப்பு உபகரணம்மா. சான்று குடுக்கும்போது இதுல ஓட்ட இல்ல. இப்ப இருக்குது. சான்று குடுத்தவன் வந்து பாத்தா நான் என்ன பதில் சொல்றது?"

"ஓட்டைல நூலு இருக்குதே சார், தண்ணி போவல."

"தண்ணி போவுதா போவலையாங்கறது பிரச்சினையே இல்ல. விதி போவுது."

திங்கட்கிழமை அவளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அனுமதியின்றிப் பாதுகாப்பு உபகரணத்தைப் பலப்படுத்தியது குற்றம் என்று இருந்தது. காலணியை உடனடியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் இருந்தது. அலுவலகத்திலேயே கத்தரிக்கோல் கொடுத்தார்கள். சவரிமேரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தையல் ஒவ்வொன்றாக வெட்டினாள். நைலான் நூல் சுலபத்தில் வெட்டுப்படவில்லை. கடைசித் தையல் போனதும் ஷூ மறுபடி வாயைத் திறந்தது. செந்தமிழ்செல்வன் அதைப் போட்டோ எடுத்து, 'சீர்செய்யப்பட்டது' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

விசாரணைக் குழு புதன்கிழமை கூடியது. ஏசி அறை, நீண்ட மேசை, அதில் வெள்ளைத் துணி விரித்து அவளுடைய ஷூ. ஒரு பக்கம் மூன்று அதிகாரிகள், முந்திரி பிஸ்கட். ஷூ போட முடியாத சவரிமேரி வெறுங்காலோடு நின்றாள். ஆலையில் அறுபத்து மூன்று பேருடைய ஷூ அப்படித்தான் இருக்கிறதென்று டேப்பையும் பசையையும் சேர்த்து எண்ணிய வாசல் கணக்கிலிருந்து தெரியவந்ததாம். அறுபத்து மூன்று என்றால் அது விபத்தில்லை, ஒரு போக்கு என்றார் நடுவில் இருந்தவர். போக்கை ஆராய வேண்டும் என்றார் ஓரத்தில் இருந்தவர்.

செந்தமிழ்செல்வன் எழுந்து ஆராய்ந்தார். "சார், ஷூ தரமானது. சான்று இருக்குது. தரமான ஷூ பொளக்காது. ஆனா பொளந்திருக்குது. அப்ப ஷூவுக்கு அப்பால ஏதோ ஒண்ணு இருக்குது. ஷூவுக்கு அப்பால இருக்கறது என்ன? கால். கால் என்ன பண்ணுது? நடக்குது."

மூன்று பேரும் சவரிமேரியின் காலைப் பார்த்தார்கள். சுவரிலிருந்து சுவருக்கு நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்தாள். நடுவில் இருந்தவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, நீங்க நடக்கும்போது பாதத்த மடக்குறீங்க."

"மடக்காம எப்பிடிங்க சார் நடக்குறது?"

"பாத்தீங்களா, தெரியல. தெரியாமயே இத்தன வருஷம் நடந்திருக்காங்க" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

"வேற ஷூ ஒண்ணு குடுத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"வேற ஷூ குடுத்தா இது கெட்ட ஷூன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. அந்தக் கேவலம் உங்களுக்கும்தான்."

இப்படியாக அறுபத்து மூன்று பேருக்கும் நடைப் பயிற்சி என்று முடிவாயிற்று. அவர்கள் எல்லோரும் அமிர்தவாரியின் ஆட்கள் இல்லை, சிதம்பரத்திலிருக்கும் 'பொன்னடி மேன்பவர் சர்வீசஸ்' என்ற ஒப்பந்தக் கம்பெனியின் ஆட்கள். ஆகவே பயிற்சி சிதம்பரத்தில் நடந்தது. தெற்கு வீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், மூன்று நாள், சம்பளம் கிடையாது. பயிற்சி என்பது தொழிலாளிக்குக் கிடைக்கிற சொத்து, சொத்துக்கு எவனாவது சம்பளம் கொடுப்பானா என்று பொன்னடியின் மேலாளர் ராஜ்கமல் தொடக்க உரையில் கேட்டார்.

பயிற்றுநர் கார்த்திகேசன் அதற்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். "மனுஷன் கால்ல கிளட்ச் இல்லம்மா, அதான் கோளாறே. குதிகால் மொதல்ல எழும்புது, விரல் பின்னாடி வருது, நடுவுல ஷூ கிழியுது. இனிமே பாதம் மொத்தமா ஒரே நேரத்துல தூக்கணும், மொத்தமா வைக்கணும். ஃபர்ஸ்ட் கியர்லயே போங்க. டாப் கியர் உங்களுக்கு வேணாம்."

அறுபத்து மூன்று பேர் வாழையிலை போடும் மேசைகளுக்கு நடுவே பாதத்தை மொத்தமாகத் தூக்கி மொத்தமாக வைத்துப் பழகினார்கள். முதல் நாள் இரண்டு பேர் விழுந்தார்கள். பயிற்சி மண்டபம் தொழிற்சாலைக்கு வெளியே இருந்ததால் அது பிரச்சினையாகவில்லை. இளவரசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யக்கா, கொக்கு மாரி இருக்குதுக்கா." "கொக்கு கூட மடக்குது" என்றாள் சவரிமேரி. விரல் புண் நீர் கோத்திருந்தது. பாதத்தை மடக்காமல் நடந்தால் வலி கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் எழுதி வைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் தேர்வு. பிளந்த ஷூவின் வாய்க்குள் ஒரு பொரித்த அப்பளத்தை வைத்து, கூடத்தை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். நொறுங்கினால் தோல்வி, திரும்ப வர வேண்டும், அதற்கும் சம்பளம் கிடையாது. அறுபத்து மூன்று பேரில் நாற்பது பேருடைய அப்பளம் கைகழுவும் இடத்தை எட்டுமுன்பே நொறுங்கிவிட்டது. சவரிமேரி அந்தக் கூடத்தைச் சுற்ற இருபத்தாறு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். அந்த இருபத்தாறு நிமிஷமும் அவள் மனசில் ஷூவும் இல்லை, அப்பளமும் இல்லை. இருதயசாமியின் கையில் ஊசி போகும் இடம் மட்டும் இருந்தது. அப்பளம் முழுசாக வந்தது. கார்த்திகேசன் அதை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். முதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் குடமும் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும் கொடுத்தார்கள்.

அதன்பின் அவள் அப்படித்தான் நடந்தாள். உள்ளே பழையபடி நடந்தால் கேமராவில் தெரியும், கூப்பிட்டுக் கேட்பார்கள். எட்டு மணி நேரம் ஒரு மாதிரி நடந்துவிட்டு வெளியே வந்து வேறு மாதிரி நடக்கக் காலுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதுநகர் மாதா கோவிலில் நற்கருணை அப்பம் வாங்கப் போனபோது அவளுக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. பூசை முடிந்ததும் சாமியார் அவளைப் பெயர் சொல்லி, ஆண்டவரிடம் இவ்வளவு பயபக்தியோடு நடந்து வருகிறவரைத் தன் பங்கு மக்களில் பார்த்ததில்லை என்றார்.

டயாலிசிஸ் நாளில் இருதயசாமி ஆஸ்பத்திரி வராந்தாவில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

"சிறுநீரகம் செத்தவன் நான். நீ இன்னாத்துக்குடி பொணத்துக்குப் பின்னாடி போற மாரி வர்ற?"

"ஷூ பிஞ்சிடும்யா."

"இப்ப செருப்புதான போட்ருக்க?"

அவள் குனிந்து பார்த்தாள். செருப்புத்தான். இருந்தும் அடுத்த எட்டையும் மொத்தமாகத்தான் எடுத்து வைத்தாள்.

ஆலையில் ஒரு மாதம் எல்லாம் நன்றாக இருந்தது. புதிதாக ஒரு ஷூவும் பிளக்கவில்லை. பிளக்க மிச்சமும் இல்லை. நடைத் திட்டத்துக்காகச் செந்தமிழ்செல்வனுக்கு மேலிடத்திலிருந்து கேடயம் வந்தது. கலியமூர்த்தியிடமிருந்து ஸ்கேலை வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழ் பெற்ற காலுக்கு ஸ்கேல் தேவையில்லை என்றார்கள்.

இரண்டாம் மாதம் உற்பத்திப் பிரிவு ஒரு கணக்கு அனுப்பியது. முன்பு ஒரு ஷிப்டுக்குப் பதினோரு டிரம் கழுவியவள் இப்போது நாலு கழுவுகிறாள். மற்றவர்களும் குறைவுதான், ஆனால் மற்றவர்கள் கேமரா இல்லாத மூலைகளில் ஓடிக்கொண்டார்கள். சவரிமேரி எந்த மூலையிலும் ஓடவில்லை. முதல் பரிசு வாங்கியவள் என்று எல்லோருக்கும் அவளைத் தெரியும், எந்த மூலையிலும் யாராவது பார்த்தார்கள்.

ராஜ்கமல் சிதம்பரத்திலிருந்து காரில் வந்தார். சேஃப்டி ஆபீசில் செந்தமிழ்செல்வன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"யக்கா, உங்க மேல எங்களுக்கு மரியாத ஜாஸ்தி. ஆனா பாதுகாப்புன்றது வேகத்தோட சேந்ததுதான். வேகம் இல்லன்னா வேல இல்ல, வேல இல்லன்னா எதுக்கு பாதுகாப்பு?"

"சரிங்க சார். பழையபடி நடந்துக்கறேன். இன்னிக்கே பதினொண்ணு கழுவிடறேன்."

ராஜ்கமல் செந்தமிழ்செல்வனைப் பார்த்தார். செந்தமிழ்செல்வன் தலையை ஆட்டினார். "அது முடியாதும்மா. சான்றிதழ் வாங்காத ஆள் பழையபடி நடந்தா அது அறியாமை. நீங்க நடந்தா அது மீறல்."

"அப்ப எப்பிடித்தாங் சார் நடக்கணும்?"

இந்தக் கேள்விக்கு அந்த அறையில் யாரிடமும் தாள் இல்லை. ராஜ்கமல் பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். தகுதிக்குப் பொருந்தாத பணியிலிருந்து விடுவிப்பு என்று அதில் இருந்தது. இவ்வளவு நல்ல நடை தெரிந்தவரை டிரம் கழுவ வைப்பது நியாயமில்லை என்று வாயாலும் சொன்னார்.

"கார்டு சார்? அவருக்கு ரத்தம்..."

"இன்னும் சில மாசம் ஓடும்க்கா. பயப்படாதீங்க" என்றார். சில மாதத்தைத் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

ஸ்டோர்ஸில் ஷூவைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாள். ஸ்டோர்ஸ்காரர் அதன் வாயை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பதிவேட்டில் 'நல்ல நிலை' என்று எழுதினார். பெண்கள் அளவு ஆறு எப்போதும் தேவைப்படும் என்றார். வாசலுக்கு வந்தபோதுதான் செருப்பை லாக்கரில் விட்டுவிட்டது நினைவு வந்தது. லாக்கர் உள்ளே இருந்தது. அவளிடம் ஷூ இல்லை. கலியமூர்த்தி எதுவும் சொல்லுமுன் அவளே வேண்டாமென்று கை காட்டினாள்.

"யம்மா, சாப்ட்டியா?" என்றார் அவர்.

"சாப்ட்டண்ணே."

வெளியே தார் ரோடு கொதித்தது. நூறு அடி தள்ளி நிறுத்தத்தில் கடலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. சவரிமேரி வெறுங்காலோடு கிளம்பினாள். ஓட வேண்டும் என்று மனசு சொன்னது. பிய்வதற்குக் காலில் ஒன்றுமில்லை, பார்க்கக் கேமராவும் இல்லை. கால் மொத்தமாக எழும்பி, மொத்தமாகத் தாரில் இறங்கியது. அடுத்த கால் மொத்தமாக எழும்பியது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "யம்மோவ், வெரசா வாம்மா, டயம் ஆவுது!" என்று கத்தினார்.

செந்தமிழ்செல்வன் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பரபரவென்று போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

"பாருங்க சார்" என்று ராஜ்கமலைக் கூப்பிட்டார், குரல் தழுதழுக்க. "வேலை போனப்புறமும் எவ்ளோ பாதுகாப்பா போறாங்க. அடுத்த பேட்சுக்கு இதத்தான் போட்டுக் காட்டணும்."

பஸ் இரண்டு தரம் ஹாரன் அடித்தது. மூன்றாவது தரம் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. அவர் வீடியோவை நிறுத்தவில்லை. அவள் இன்னும் பாதி தூரம்கூடக் கடந்திருக்கவில்லை.